பெண்கள் அறை கட்டிய வருஷம்

அந்தக் கல்லூரியைக் கட்டியவர்கள் நிறைய யோசித்துத்தான் கட்டியிருந்தார்கள். மழைச்சாரல் வகுப்புக்குள் அடிக்காதபடி அகலமான தாழ்வாரம். நூலகத்துக்கு வடக்கு வெளிச்சம். மைதானத்தின் ஓரமாக, ஆட்டம் பார்க்கிறவர்கள் உட்காரக் கல் படிகள். வண்டியில் வந்து இறங்கும் பெரிய மனிதர்களின் குதிரைகளுக்கு ஒரு கொட்டகை, பக்கத்திலேயே குதிரைகள் தண்ணீர் குடிக்கத் தொட்டி. பெண் ஒருத்தி படிக்க வருவாள் என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டு தலைமுறை கழித்து அவள் வந்தாள். அப்பா தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிறவர். மகளின் மதிப்பெண் பட்டியலை மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து பிரின்சிபால் மேஜைமேல் வைத்தார்.

"இது ஆண்கள் கல்லூரியாச்சே" என்றார் பிரின்சிபால்.

"அப்படின்னு எங்க சார் போட்டிருக்கு? வாசல் பலகையில இல்லையே."

பிரின்சிபால் ஜன்னல் வழியாகப் பலகை இருக்கும் திசையைப் பார்த்தார். "போடலைதான். போடவேண்டிய அவசியம் வரல."

"அப்போ சேர்த்துக்கறதுக்கும் தடை இல்லையே சார்."

மதிப்பெண்களைப் பார்த்தபிறகு பிரின்சிபாலுக்கும் வாதாட மனம் வரவில்லை. சேர்த்துக்கொண்டார்.

முதல் வகுப்பில் ஆங்கில விரிவுரையாளர் வழக்கம்போல "ஜென்டில்மென்" என்று கணீரென்று தொடங்கினார். முன்வரிசையின் ஓரத்தில் அவளைப் பார்த்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அண்ட் லேடி" என்று சேர்த்தார். வகுப்பு குலுங்கிச் சிரித்தது. அன்று மாலைக்குள் கல்லூரி முழுக்க அவளுக்கு அதுவே பெயராகிவிட்டது. அண்ட் லேடி. அவளுக்கு அதில் வருத்தமில்லை. பையன்கள் யாருக்குத்தான் அங்கே பட்டப்பெயர் இல்லை? வாத்தியார்களுக்கும் இருந்தது. பேச்சிலேயே ஆளைப் பொசுக்கிவிடுவார் என்பதால் வேதியியல் பேராசிரியருக்கு ஆசிட் என்று பெயர்.

வருத்தம் வேறு இடத்தில் இருந்தது. அத்தனை பெரிய கட்டடத்தில் அவள் ஒதுங்க ஓர் இடம் இல்லை. பின்கட்டில் இருந்தவை எல்லாம் ஆண்களுக்கானவை, பாதிக்குக் கதவே கிடையாது. யாரிடம் போய் இதைக் கேட்பது? பிரின்சிபாலிடமா? நினைத்தாலே காது சூடானது. அம்மாவிடம் சொன்னாள். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "காலையில தண்ணி குடிக்காம போ. நா வறண்டா வாயைக் கொப்பளிச்சுத் துப்பிடு" என்றாள். அம்மாவுக்குத் தெரிந்த வழி அவ்வளவுதான். அவளுடைய அம்மாவும் அவளுக்கு அதைத்தான் சொல்லியிருப்பாள்.

அப்படியே சில வாரம் ஓட்டினாள். கணிதம்தான் அவள் எடுத்த பாடம், ஆனால் முதல் வருஷத்தில் எல்லோருக்கும் வேதியியலும் உண்டு. ஒரு நாள் லேபில், அடுப்பு வெக்கையில் நின்றுகொண்டிருந்தவள் கண் இருட்டிக் கீழே சரிந்தாள். சோதனைக்குழாய் உடைந்தால் கூரை பறக்கிற மாதிரி கத்தும் ஆசிட், அன்றைக்கு என்ன செய்வதென்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். சுற்றி நின்ற பையன்களில் ஒருவனும் கிட்டே போகத் துணியவில்லை. கடைசியில் லேப் உதவியாளரை மைதானத்துக்கு அந்தப்பக்கம் இருந்த குவார்ட்டர்ஸுக்கு விரட்டினார். "எங்க வீட்டம்மாவைக் கூட்டிட்டு வா, ஓடு!"

அவர் மனைவி குடையோடு வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. மாணவர்களை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு வந்து, மயங்கிக் கிடந்தவள் முகத்தில் தண்ணீர் தெளித்து, கண் திறந்ததும் உதட்டைப் பார்த்தாள். வெடித்துப் போயிருந்தது. காதருகே குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், "காலையிலேர்ந்து அடக்கிட்டு இருக்கியா?" என்று கேட்டாள்.

அண்ட் லேடிக்கு அழுகை வந்துவிட்டது. தலையை மட்டும் ஆட்டினாள்.

"எழுந்திரு. வீட்டுக்கு வா."

அன்றிலிருந்து அந்த வீட்டின் பின்கதவு அவளுக்காகத் திறந்திருந்தது. "தட்ட வேண்டாம், கேக்க வேண்டாம். வா, போ. தண்ணியும் குடிச்சிட்டுப் போ" என்று சொல்லியிருந்தாள் பேராசிரியர் மனைவி. அண்ட் லேடி அவளை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

வசதி வந்தது, கூடவே ஒரு சங்கடமும் வந்தது. குவார்ட்டர்ஸுக்குப் போக மைதானத்தைக் குறுக்கே கடந்துதான் ஆகவேண்டும். மதிய இடைவேளையில் அங்கே பந்தாட்டம் நடக்கும். இவள் தலை தெரிந்ததும் ஆட்டம் நின்றுவிடும். அணித்தலைவன் விசில் ஊதி, ரயில்வே கேட்டை மூடுகிற ஆள்போல இரண்டு கையையும் அகல விரித்து நிற்பான். படிகளில் உட்கார்ந்திருக்கிறவர்கள் கைதட்டுவார்கள். மோசமான பையன்கள் என்று சொல்ல முடியாது. விளையாட்டுக்குச் செய்தார்கள். ஆனால் அவள் எங்கே போகிறாள், எதற்குப் போகிறாள் என்பது அத்தனை பேருக்கும் தெரியும். தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். மைதானத்தின் அந்தக் கடைசிவரை போய்ச் சேர்வதற்குள் உடம்பெல்லாம் கூசிப் போகும்.

ஒரு வாரம் பார்த்துவிட்டு அக்கா சொன்னாள்: "நாளையிலேர்ந்து கையில ஒரு புத்தகத்தோட வா. புரொஃபசர் வீட்டுக்குப் பாடம் கேக்கப் போறாள்னு நினைச்சுக்கட்டும்."

"அவங்க நம்பணுமே அக்கா."

"நம்ப வேண்டாம். நம்புற மாதிரி நடிக்க அவங்களுக்கும் ஒரு சாக்கு வேணும்ல?"

அது பலித்தது. புத்தகத்தைக் கண்டதும் விசில் சத்தம் குறைந்தது, பிறகு நின்றே போனது. கையோடு போன புத்தகம் அக்காவின் சமையல்மேடையில் கிடக்கும். ஒரு நாள் அண்ட் லேடி முகம் கழுவிவிட்டு வந்தபோது, அக்கா அதைப் பிரித்து நின்றுகொண்டே படித்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. "ஐயையோ" என்று அடுப்பை அணைத்தவள், பாலைத் துடைப்பதற்கு முன்னால் பக்கத்தில் விரலை வைத்து, "இந்த வரியிலேர்ந்து இந்த வரிக்கு எப்படிப் போனாங்க?" என்று கேட்டாள்.

பள்ளிப் படிப்பில் அக்கா முதல் மாணவி. ரிசல்ட் வந்த மாதமே கல்யாணம். மாப்பிள்ளை கல்லூரி வாத்தியார் என்றதும், அங்கே போய் மேலே படிக்கலாம் என்று இவளாகவே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். "ஊருக்கெல்லாம் பாடம் நடத்துறவர், எனக்கும் நடத்துவார்னு நினைச்சேன். வீட்டுக்கு வந்தா உப்பு சரியா இருக்கா, காரம் கம்மியாங்கற பேச்சுதான். உப்பைப் பத்திப் பேசுறதும் வேதியியல்தானேன்னு மனசைத் தேத்திக்கிட்டேன்" என்று சிரித்தாள். ஒரு பையன் பிறந்து, அவனும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தான். பகல் முழுவதும் வீடு நிசப்தமாகக் கிடந்தது.

அப்படித்தான் ஆரம்பித்தது. இடைவேளையில் ஒரு கணக்கு. பிறகு, வகுப்பு இல்லாத மணிநேரம் முழுவதும். கரிக்கட்டையால் சமையலறைத் தரையில் கோடு போட்டு அண்ட் லேடி விளக்குவாள். அக்கா குந்தி உட்கார்ந்து கேட்பாள். புரியாவிட்டால் விடமாட்டாள். "புரிஞ்ச மாதிரி தலையாட்ட எனக்குத் தெரியாது, இன்னொரு தடவை சொல்லு." இன்னொரு தடவை சொல்லும்போது அண்ட் லேடிக்கே அதுவரை புரியாத ஒன்று புரியும். வகுப்பில் அவள் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள், பேச மாட்டார்கள். அவள் படிப்பைப் பற்றி வாய்விட்டுப் பேசிய ஒரே இடம் அந்தச் சமையலறைதான். பிள்ளை பள்ளியிலிருந்து வரும் நேரமானால் அக்கா தரையைத் துடைத்துவிடுவாள். துடைத்தாலும் கரியின் சாயல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆசிட் அதைப் பார்த்திருப்பார். ஒன்றும் கேட்டதில்லை.

ஒரு நாள் அக்கா முகமெல்லாம் குறும்பாக இருந்தது.

"நேத்து உங்க சார்கிட்ட கேட்டுட்டேன். நானும் காலேஜ்ல சேரட்டுமான்னு."

"ஐயோ, என்ன சொன்னார்?"

"சாப்பிட்டுட்டு இருந்தார். விக்கல் வந்திடுச்சு. அப்புறம், 'ஒரு பொண்ணு ஒதுங்க இடம் இல்லாத காலேஜ்ல நீ எங்க போய் உட்காருவ? முதல்ல அவங்க ஒரு ரூம் கட்டட்டும், அப்புறம் பார்க்கலாம்'னார்." அக்கா குரலைத் தாழ்த்தினாள். "கட்டவே மாட்டாங்கங்கற தைரியத்துல சொல்லிட்டார். மாட்டிக்கிட்டார் பாரு."

அக்கா வேலையில் இறங்கினாள். அண்ட் லேடியைப் பிரின்சிபாலுக்கு ஒரு விண்ணப்பம் கொடுக்கச் சொன்னாள். அது மேஜையில் தூங்கும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் குவார்ட்டர்ஸில் இருந்த வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போனாள். இயற்பியல்காரர் மனைவிக்கு இரண்டு பெண்பிள்ளைகள். "நாளைக்கு உன் பொண்ணு படிக்க வந்தா எங்க போவா?" கணக்குப் பதிவாளர் மனைவிக்குத் தங்கை இருந்தாள். ஆங்கில விரிவுரையாளரின் அம்மாவுக்கு யாரும் இல்லை, ஆனால் நியாயம் பேசப் பிடிக்கும். அந்த மாதம் கல்லூரி கவுன்சில் கூடியபோது, வந்திருந்த அத்தனை பேரும் வீட்டில் வாங்கிக்கட்டிக்கொண்டு வந்தவர்கள். எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத கவுன்சில் இந்த விஷயத்தில் ஒரே குரலில் சரி என்றதைப் பார்த்து பிரின்சிபால் அசந்துபோனாராம். முதலில் எழுந்து பேசியவர் ஆசிட்தான். பேசிவிட்டு வீட்டுக்கு வந்தவர், மனைவியின் முகத்தைப் பார்க்காமல், "நிறைவேறிடுச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

குதிரைகள் வராத காலமாகிவிட்டதால் பழைய கொட்டகையைத் தட்டிவிட்டு அந்த இடத்தில் கட்டினார்கள். ஒரு பெரிய அறை, பின்னால் குழாயோடு இரண்டு கழிப்பறை, சுவரில் ஆள் உயரக் கண்ணாடி, மூங்கில் நாற்காலிகள், உள்பக்கம் தாழ்ப்பாள். கட்டட வேலை நடந்த நாட்களில் அக்கா பையனைப் பள்ளியிலிருந்து கூட்டிவரும் சாக்கில் தினமும் அந்தப் பக்கமாக வருவாள். "ஜன்னல் கொஞ்சம் உயரத்துல வைங்க, வெளியேர்ந்து எட்டிப் பார்க்கக்கூடாது" என்று கொத்தனாரிடம் சொல்வாள். கொத்தனார் அவளைப் பெரிய அதிகாரி வீட்டு அம்மா என்று நினைத்துக்கொண்டு மறுபேச்சு இல்லாமல் உயர்த்திக் கட்டினார்.

அடுத்த கல்வியாண்டு தொடங்கியபோது அறை தயார். பெண்களுக்கு வசதி இருக்கிறது என்று தெரிந்ததும் புதிதாக ஏழு பெண்கள் சேர்ந்தார்கள். பிரின்சிபால் மனைவி ரிப்பனை வெட்டினாள். அக்கா கூட்டத்தின் பின்வரிசையில் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று, கத்தரிக்கோல் நழுவியபோது எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

அந்த வருஷம்தான் அண்ட் லேடியின் வாழ்க்கையிலேயே மிகச் சந்தோஷமான வருஷம். பின்னாளில் அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு முதலில் உறுத்துவதும் அந்தச் சந்தோஷம்தான்.

மணி அடித்ததும் அறைக்கு ஓடுவாள். எட்டுப் பேரும் ஒருவர் தலையை ஒருவர் பின்னிவிட்டு, ஒரே டப்பாவில் சாப்பிட்டு, வாத்தியார்கள் மாதிரி நடித்துக்காட்டி, தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு சிரித்து உருண்டார்கள். கதவுக்கு வெளியே பையன்கள் "என்னதான் நடக்குது உள்ளே?" என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். அவளை அக்கா என்று கூப்பிட இப்போது ஏழு பேர். அவர்கள் சேர்ந்து ஒரு பேச்சு மன்றம் தொடங்கினார்கள். இறகுப்பந்துக்கு வலை கேட்டு வாங்கினார்கள். கல்லூரி நாளில் முதல்முறையாகப் பெண்கள் நாடகம் போட்டார்கள், மீசை வைத்த வேஷமெல்லாம் அவர்களே கட்டினார்கள்.

மைதானத்தைக் கடக்க வேண்டிய அவசியம் போய்விட்டது. ஆரம்பத்தில் வாரத்தில் இரண்டு நாள் பழக்கத்தில் குவார்ட்டர்ஸுக்குப் போனாள். பிறகு சனிக்கிழமை மட்டும். பிறகு சனிக்கிழமை ஒத்திகை வந்தது. அவள் அக்காவை மறந்துவிடவில்லை. போக வேண்டும், போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அந்த வீடு என்று நினைத்தாலே கூடவே அந்த விசில் சத்தமும், கூசிக் கூசி நடந்த நடையும் நினைவுக்கு வரும். நாளைக்குப் போகலாம் என்று தள்ளிப்போடுவாள்.

ஒரு நாள் நூலகத்து வழியில் அக்கா எதிரே வந்தாள். ஒரு கையில் குடை, மறு கையில் பையனின் பள்ளிப்பை. அண்ட் லேடியோடு மூன்று பெண்கள் இருந்தார்கள்.

"எப்படிம்மா இருக்கே? ஆளையே காணோம்."

"நாடகம் அக்கா, உயிரை வாங்குது."

"உங்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும். நிதானமா உட்கார்ந்து சொல்லணும்."

"நாளைக்கு வர்றேன்க்கா. கண்டிப்பா."

மறுநாள் கதாநாயகனாக நடிக்கவிருந்த பெண்ணுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அந்த வேஷமும் இவள் தலையில் விழுந்தது. போகவில்லை.

சில நாள் கழித்து அக்காவே பெண்கள் அறைக்கு வந்தாள். கதவு திறந்துதான் இருந்தது, ஆனாலும் தட்டிவிட்டு நின்றாள். உள்ளே இருந்த பெண்கள் "புரொஃபசர் வீட்டம்மா" என்று சட்டென்று எழுந்து நின்றுவிட்டார்கள். சிரிப்பெல்லாம் அடங்கிப்போயிற்று. அண்ட் லேடி கண்ணாடி முன்னால் மீசை ஒட்டிக்கொண்டிருந்தாள். "வாங்க அக்கா, உட்காருங்க" என்று மீசையோடு திரும்பினாள். அக்கா மூங்கில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஜன்னல்களை அண்ணாந்து பார்த்தாள். "நல்லா வந்திருக்கு" என்றாள். அவள் பையிலிருந்து ஒரு கணக்குப் புத்தகத்தின் முனை நீட்டிக்கொண்டிருந்தது. பையனுடையதாக இருக்கும் என்று அண்ட் லேடி நினைத்துக்கொண்டாள். யார் யார் எந்த ஊர் என்று அக்கா இரண்டு பேரை விசாரித்தாள். அவர்கள் மரியாதையாகப் பதில் சொன்னார்கள். பேச்சு அதற்குமேல் நகரவில்லை. "சரி, நீங்க வேலையைப் பாருங்க" என்று எழுந்தாள்.

வாசல்வரை வழியனுப்பப் போன அண்ட் லேடி, "ஏதோ சொல்லணும்னீங்களே அக்கா?" என்று கேட்டாள். கேட்டாள் என்பது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதே நேரத்தில் உள்ளேயிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டதும் நினைவிருக்கிறது.

"ஒண்ணும் அவசரமில்ல. பரீட்சையெல்லாம் முடியட்டும்" என்றாள் அக்கா.

பரீட்சை முடிந்தது. அண்ட் லேடி சொந்த ஊருக்குப் போய், அத்தை வீட்டில் முழு விடுமுறையையும் கழித்தாள். கல்லூரி திறந்த அன்று, ஊரிலிருந்து கொண்டுவந்த பழக்கூடையோடு, எத்தனையோ நாளைக்குப் பிறகு மைதானத்தைக் கடந்து போனாள். பின்கதவில் பூட்டுத் தொங்கியது. முன்கதவிலும்தான்.

லேப் உதவியாளரைத் தேடிப் பிடித்தாள்.

"சாருக்கு வேற ஊர்ல துறைத்தலைவர் வேலை கிடைச்சுதும்மா. போன மாசமே காலி பண்ணிட்டாங்க. உனக்குத் தெரியாதா? அம்மா இங்க பரீட்சைகூட எழுதினாங்களே."

"என்ன பரீட்சை?"

"படிப்பை விட்டு வருஷமானவங்க சேரணும்னா ஒரு நுழைவுத் தேர்வு எழுதணுமாம். அதுதான் லீவுல நடந்துச்சு. பெரிய ஹால்ல, அத்தனை பையன்களுக்கு நடுவுல இவங்க ஒருத்தங்கதான். சார் அன்னைக்கு ஹால் பக்கமே வரல, லேப்ல உட்கார்ந்து கழுவின குடுவையையே திரும்பத் திரும்பக் கழுவிட்டு இருந்தார்."

"பாஸ் ஆயிட்டாங்களா?"

"மொழிப் பாடத்துல நல்ல மார்க்காம். கணக்குலதான் போயிடுச்சு. கொஞ்சத்துல போச்சுன்னு சார் சொன்னார்."

அண்ட் லேடி பழக்கூடையை லேப் மேஜைமேல் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "கணக்குலயா?" என்று கேட்டாள். உதவியாளருக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. "ஆமாம்மா, கணக்குலதான்" என்றார் மறுபடியும்.

ஆசிட் சொன்னபடி நடந்துகொண்டிருக்கிறார். அறை வந்ததும் சரி என்றிருக்கிறார். புருஷனிடம் பாடம் கேட்க அக்காவுக்குக் கூச்சமோ, வீம்போ. கேட்டிருந்தால்கூட அவர் கணக்குக்காரர் இல்லை. ஒரு பருவம், சனிக்கிழமைதோறும் இவள் போய் உட்கார்ந்திருந்தால் போதும். அதைக் கேட்கத்தான் அக்கா இரண்டுமுறை தேடி வந்திருக்கிறாள்.

அலுவலகத்தில் விலாசம் வாங்கி எழுதினாள். பல நாள் கழித்து ஒரு அட்டை வந்தது. எல்லோரும் நலம், நன்றாகப் படி, அம்மா அப்பாவை விசாரித்ததாகச் சொல். அவ்வளவுதான். மறுபடி எழுதியதற்குப் பதில் இல்லை.

அண்ட் லேடி நன்றாகத்தான் படித்தாள். மேலே படித்து, அதே கல்லூரிக்குக் கணித விரிவுரையாளராக வந்தாள். பெண்கள் பெருகினார்கள். அந்த ஒற்றை அறை போதாமல் போனது. பெண்களுக்கு ஹாஸ்டல் வேண்டும் என்று கவுன்சிலில் பேசி வாங்கியவள் அவள்தான். எங்கே கட்டுவது என்றபோது, பழைய குவார்ட்டர்ஸ் வரிசையை இடித்துவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். ஓட்டுக்கூரை ஒழுகியது, யாரும் அங்கே குடியிருக்கவில்லை, வேறு இடமும் இல்லை. எதிர்த்துச் சொல்ல அவளிடம் காரணம் இல்லை. கையைத் தூக்கினாள். இடித்த அன்று வகுப்பு இருந்தது. முடித்துவிட்டுப் போய்ப் பார்க்கலாம் என்று போனபோது தரை மட்டும்தான் கிடந்தது. எது அக்காவின் வீடு, எது பக்கத்து வீடு என்று அவளால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

புதிய ஹாஸ்டலுக்கு அக்காவின் பெயரை வைக்கலாமே என்று ஒருமுறை வாயெடுத்தாள். "அவங்க யாரு? இங்க படிச்சவங்களா?" என்று புதிய பிரின்சிபால் கேட்டார். இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது.

தலை நரைத்தபிறகு, வேறொரு ஊருக்குத் தேர்வு நடத்தப் போன இடத்தில், பேச்சுவாக்கில் ஆசிட்டின் பெயர் அடிபட்டது. அவர் இறந்து ஒரு வருஷமாகிறது, மனைவி இங்கேதான் மகனோடு இருக்கிறார் என்றார்கள். மதியம் தேர்வு முடிந்ததும் விலாசத்தை விசாரித்துக்கொண்டு போனாள். மாடி வீடு. கதவைத் திறந்த பெண்மணி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தாள்.

"அக்கா, நான்தான். அண்ட் லேடி."

நெற்றிக்கு ஏற்றிய கண்ணாடியை அந்தப் பெண்மணி மறுபடி இறக்கிக்கொண்டாள். பிறகு அந்த முகத்தில் பழைய சிரிப்பு வந்தது. "அடிப்பாவி! நரைச்சுப் போயிட்டியே. உள்ள வா."

தேநீர் வந்தது. ஆசிட்டின் கடைசி நாட்களைப் பற்றிப் பேசினார்கள். மகன் வங்கியில் வேலை, மருமகள் பள்ளியில் டீச்சர், பேத்தி இப்போது வந்துவிடுவாள். அண்ட் லேடி இத்தனை வருஷமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்த பேச்சு ஒன்று இருந்தது. அது வரவில்லை. வேறு மாதிரிதான் வந்தது.

"அக்கா, அந்தப் பரீட்சை... எனக்குத் தெரியவே தெரியாதுக்கா. தெரிஞ்சிருந்தா..."

"தெரியும்மா. நான் சொல்லலையே, உனக்கு எப்படித் தெரியும்?"

"ஏன் சொல்லல?"

அக்கா தேநீர்க் கோப்பையை ஓரமாக நகர்த்தி வைத்தாள். "நீ அவசரத்துக்கு வந்த பொண்ணு. அவசரம் தீர்ந்தது, நீ உன் வழியைப் பார்த்துப் போயிட்ட. அதுல தப்பு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் உன்னைக் கூட்டாளின்னு ஒரு நினைப்பு. அந்த ரூம்ல வந்து உட்கார்ந்தேன் பாரு, எல்லாரும் எழுந்து நின்னாங்களே, அப்பதான் எனக்கே உறைச்சுது, நான் ஒரு வாத்தியார் பொண்டாட்டின்னு. அங்க வச்சு எப்படிக் கேக்கறது, எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுன்னு?"

"அப்படி இல்லக்கா. எனக்கு இருந்த ஒரே கூட்டாளி நீங்கதான். முதல் வருஷம் முழுக்க நீங்க மட்டும்தான்."

"அப்படியா?" அக்கா நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். "அது எனக்குத் தெரியாதே."

அடுத்த வீட்டில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"இப்ப வயசு வரம்பெல்லாம் கிடையாது. வீட்டிலிருந்தே படிக்கலாம். நான் எல்லா ஏற்பாடும் பண்றேன். கணக்கு நான் சொல்லித்தர்றேன். வாரா வாரம் வர்றேன்" என்றாள் அண்ட் லேடி. சொல்லச் சொல்லக் குரல் கெஞ்சலாக மாறுவது அவளுக்கே கேட்டது.

அக்கா அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். "வேண்டாம்மா. அப்ப அது எனக்கு வேணும். பசிக்கிற மாதிரி வேணும். இப்ப அப்படி ஒரு பசி இருந்துச்சுங்கறது ஞாபகம் இருக்கு, அவ்வளவுதான். ஞாபகத்துக்காகப் போய் யாராவது பரீட்சை எழுதுவாங்களா?" பிறகு, எதிரே இருந்தவளின் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன இது, டீச்சரம்மா அழலாமா? ஸ்டூடண்ட்ஸ் பார்த்தா என்ன நினைப்பாங்க?" என்று கேலி செய்தாள். அது அவளை இன்னும் அழ வைத்தது.

பேத்தி பள்ளியிலிருந்து வந்தாள். பையைத் தூக்கி எறிந்துவிட்டு, புதியவளைப் பார்த்து யார் என்று கண்ணால் கேட்டாள்.

"எனக்குத் தெரிஞ்சவங்க. பெரிய காலேஜ்ல புரொஃபசர்" என்றாள் அக்கா.

தெரிஞ்சவங்க என்ற சொல்லை அண்ட் லேடி அன்று மாலை ரயிலில் வரும்போது வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப்பிறகு மாதத்துக்கு ஒருமுறையாவது அவள் அந்த ஊருக்குப் போகிறாள். இரண்டு பேரும் கடைத்தெருவுக்குப் போய்க் காய்கறி வாங்குகிறார்கள். முட்டிவலிக்கு எந்தத் தைலம் தேவலை என்று சண்டை போடுகிறார்கள். பழைய வாத்தியார்களின் பட்டப்பெயர்களைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அக்காவுக்கு அவள் வரும் நாள் பிடித்திருக்கிறது, அது தெரிகிறது. பேத்திக்குக் கணக்கு வீட்டுப்பாடம் இருந்தால் அண்ட் லேடி சொல்லிக்கொடுப்பாள். அப்போது மட்டும் அக்கா எழுந்து உள்ளே போய்விடுவாள். துணி மடிக்கவோ, அடுப்பைப் பார்க்கவோ, ஏதாவது ஒரு வேலை அவளுக்கு இருக்கும்.